கூடம் கோணல்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளைச் சேர்த்துப் பதினான்கு பேர். மற்ற பதின்மூன்று பேருக்கும் அவள் அண்ணிதான். முறைப்படி பார்த்தால் டைரக்டர் ஒருவருக்குத்தான் அவள் அண்ணி. அவர் அவளுடைய வீட்டுக்காரரின் கூடப்பிறந்த தம்பி. அவர் வாய்க்கு வாய் "அண்ணி, தட்டு ரெடியா? அண்ணி, பெட்டி ரெடியா?" என்று கேட்டுக் கேட்டு, அது ஜலதோஷம் மாதிரி எல்லாருக்கும் ஒட்டிக்கொண்டது. வெளியிலிருந்து சோதனைக்கு வந்த நரைத்த தலை அதிகாரி ஒருவர்கூட இரண்டாம் நாளே "அண்ணி, இங்க ஒரு கையெழுத்து" என்றார். அவருக்கு அவளுடைய அப்பா வயது. அண்ணி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

கொழுந்தன் தயவில் வேலைக்கு வந்தவள் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்குப் பழங்கதை தெரியாது என்று அர்த்தம். டைரக்டர் அங்கே மாணவராக வந்து சேர்ந்தபோது அண்ணிக்கு அது ஐந்தாம் வருடம். பிப்பெட்டை எப்படிப் பிடிப்பது என்று அவருக்குக் காட்டிக்கொடுத்ததே அவள்தான். முதல் மூன்று மாதத்தில் அவர் கொன்ற செல்களுக்குக் கணக்கே கிடையாது. அடுத்த வருடம் கூடத்தின் குளிர்பெட்டி கெட்டுப்போய், ஆள் கிடைக்காமல், அவர் தன் அண்ணனைக் கூட்டிவந்தார். அண்ணன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அரை நாளில் முடிகிற வேலைக்கு அந்த மனிதர் நான்கு நாள் வந்தார். நான்காம் நாள் சாயங்காலம் அவளுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அதெல்லாம் ஆகி இருபத்திரண்டு வருடம்.

அங்கே நடந்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மனித இதயத்தின் தசைச் செல்களைத் தட்டில் வளர்ப்பார்கள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டு, அதில் இருபத்திநான்கு குழி, குழிக்குள் இளஞ்சிவப்புத் திரவம், அதற்கு அடியில் செல்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் அவை யாரும் சொல்லாமலே துடிக்க ஆரம்பிக்கும். ஆசை ஆசையாக அவ்வளவு தூரம் வளர்த்துவிட்டு, பிறகு வேண்டுமென்றே மூச்சுத் திணற வைப்பார்கள். அதற்கென்று ஒரு எஃகுப் பெட்டி, இரண்டு அடுக்கு, உள்ளே ஆக்சிஜன் கிடையாது. மாரடைப்பில் இதயத்துக்கு என்ன ஆகுமோ அது அந்தப் பெட்டிக்குள் ஆறு மணி நேரம் நடக்கும். வெளியே எடுத்து மறுபடி காற்றைக் காட்டி, மறுநாள் காலை எத்தனை குழியில் துடிப்பு திரும்பியிருக்கிறது என்று எண்ணுவார்கள். மருந்து போட்ட தட்டில் எத்தனை, போடாத தட்டில் எத்தனை. இவ்வளவுதான். இதற்குப் பதினொரு வருடம் ஆகியிருந்தது.

முதல் ஏழு மருந்தும் மண்ணைக் கவ்வின. எட்டாம் நம்பர் ஜெயித்தது. மருந்து போடாத தட்டில் ஆறோ ஏழோ குழி துடித்தால், எட்டாம் நம்பர் போட்ட தட்டில் பதினேழு, பதினெட்டு. மூன்று வருடமாக இந்தக் கணக்கு மாறவில்லை. எண்ணுகிறவருக்கு எது எந்தத் தட்டு என்று தெரியாது. அந்த விஷயத்தில் கூடம் சுத்தம். எலிகளில் மட்டும் பாதி ஒத்துக்கொண்டன, பாதி ஒத்துக்கொள்ளவில்லை. எலியின் இதயம் வேறு, மனித இதயம் வேறு என்று டைரக்டர் விளக்கம் சொன்னார். வேறு ஏதோ வியாதிக்கு ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்த மருந்து என்பதால் அதனால் ஆபத்தில்லை என்பது முன்பே தெரியும். ஆகவே மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் கட்டம் சீக்கிரமே வந்துவிட்டது.

இடையில் இன்னொரு ஆய்வுக்கூடம் இதே சோதனையைச் செய்துவிட்டு, ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்று எழுதியது. "அங்க அண்ணி இல்லையே, என்ன பண்றது?" என்றார் டைரக்டர். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணிக்குக் கைராசி என்று கூடத்தில் ஒரு பேச்சு. ஆளுக்கு இரண்டு பட்டம் வாங்கினவர்கள், வெயில் அடிக்கிறது என்று சொன்னாலும் ஆதாரம் கேட்கிறவர்கள், கைராசிக்கு மட்டும் ஆதாரம் கேட்கவில்லை.

அவள் கையில் இருந்தது ராசி இல்லை, சுத்தம். மருந்து போடாத தட்டை முதலில் தொடுவாள், மருந்துத் தட்டை அப்புறம்தான். பெட்டிக்குள் வைக்கும்போது மருந்து போடாதது மேல் அடுக்கு, மருந்து கீழ் அடுக்கு. மாற்றி வைத்தால், மேலே இருக்கிற மருந்துத் தட்டிலிருந்து ஒரு சொட்டு தவறிக் கீழே விழுந்தாலும் சோதனை கெட்டது. இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. செய்முறைக் குறிப்பிலும் இல்லை. துடைப்பதற்கு முன்னால் பெருக்கு என்று யார் எழுதி வைக்கிறார்கள்?

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அவளுடைய வீட்டுக்காரருக்கு மாரடைப்பு வந்தது. யாரோ ஒருவருடைய வீட்டு மாடியில் ஏசி பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தவர், ஸ்க்ரூவைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு உட்கார்ந்தாராம். பிழைத்தார். ஆனால் ஒரு துடிப்புக்கு நூற்றில் அறுபது பங்கு ரத்தத்தைத் தள்ள வேண்டிய இதயம், இருபத்தெட்டுதான் தள்ளியது. மூன்று குழாயில் அடைப்பு. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும். செய்ய வேண்டுமென்றால் இதயத்தை ஒன்றரை மணி நேரம் நிறுத்த வேண்டும். சர்ஜன் நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. "நிறுத்துறது என் கையில இருக்கு. இவ்வளவு பலவீனமான இதயம் திரும்ப ஓடும்னு என்னால சொல்ல முடியாது. நான் கத்தி வைக்க மாட்டேன்" என்றார்.

அதே சர்ஜன்தான் எட்டாம் நம்பரின் கணக்கைப் பார்த்துவிட்டு, இந்த மருந்தைக் கொடுத்துச் செய்வதானால் செய்யலாம் என்றார். மற்றபடி ஆபரேஷனுக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கிவைத்த ஏழு பேரின் பட்டியலை மருத்துவமனை தயாரித்தது. டைரக்டர் அதில் கை வைக்கவில்லை. அண்ணியின் வீட்டுக்காரர் நாலாவது. அனுமதிக் கூட்டம் அடுத்த வெள்ளிக்கிழமைக்கு மறு வெள்ளிக்கிழமை. அது முடிந்தால் பதினைந்து நாளில் முதல் ஆபரேஷன்.

வீட்டில் அந்த மனிதர் உப்பில்லாத சாப்பாட்டை முன்னால் வைத்துக்கொண்டு, "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று தினமும் சொல்லிவிட்டுத் தினமும் தின்றார். குனிந்து செருப்பு மாட்டினால் மூச்சு வாங்கியது. கடைத்தெரு வரைக்கும் போக வழியில் எங்கெங்கே உட்கார இடம் இருக்கிறது என்று மனப்பாடமாக வைத்திருந்தார். வெளியூரில் படிக்கிற மகள் போனில் கேட்டால், "நான்தான் பட்டியல்ல இருக்கேனே" என்பார். வேலைக்கு ஆர்டர் வந்துவிட்ட மாதிரி ஒரு குரல்.

விஷயத்தைக் கிளப்பியவள், கூடத்தில் 'அவசரம்' என்று பெயர் வாங்கினவள். கூடத்துக்கு வந்து நாலு மாதம் ஆன ஆராய்ச்சியாளர் அவள். முப்பத்திரண்டு வயது, வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை, காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓட்டம். ஆகவே அந்தப் பெயர். எட்டாம் நம்பர் சோதனையை அவள் தன் கையால் இரண்டு முறை செய்தாள். இரண்டு முறையும் மருந்துத் தட்டில் ஐந்தாறு குழிதான் துடித்தது. மருந்து போடாத தட்டில் பதினேழு.

தலைகீழ்! கூட்டத்தில் அவள் அதைச் சொன்னதும், தட்டுகளுக்குப் பெயர் மாற்றி எழுதியிருப்பாய் என்றார்கள். அவள் இல்லை என்றாள். "பெட்டில ஏதாவது கோளாறு இருக்குமோ சார்?" என்றும் கேட்டாள்.

டைரக்டருக்கு அன்றைக்கு மனசு நல்ல நிலையில் இருந்தது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். அறையே சிரித்தது. அண்ணியும்தான்.

கூட்டம் முடிந்து கை கழுவப் போனபோது அவசரம் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவாமல் நின்றுகொண்டிருந்தாள். அண்ணிக்குச் சிரித்தது உறுத்தியது.

"நோட்டைக் கொண்டா. எங்க சறுக்குச்சுன்னு பாப்போம்."

"பேரு மாத்தி எழுதலண்ணி. சத்தியமா."

"நான் அப்படிச் சொன்னேனா? கொண்டா."

அவசரத்திடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. மறந்துவிடுவோம் என்ற பயத்தில் எதையும் விடாமல் எழுதுவாள். எந்த பாட்டில், எத்தனை மணி, எந்த கிளவுஸ் கிழிந்தது, எல்லாம் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி: மருந்து – மேல் அடுக்கு. வெறும் தட்டு – கீழ் அடுக்கு.

"மருந்த ஏன் மேல வெச்ச?"

"மேல வைக்கக் கூடாதா? குறிப்புல ஒண்ணும் போடலையே. கைக்கு எட்டின இடத்துல வெச்சேன்."

அண்ணி நோட்டை மூடிக் கொடுத்தாள். மருந்து மேலே இருந்தபோது மேலே செத்தது. கீழே மருந்தே இல்லை, கீழே பிழைத்தது. மூன்று வருடமாக அவள் கீழே வைத்தது கீழே பிழைத்தது. இதற்கு இரண்டு பட்டம் தேவையில்லை.

சாயங்காலம் வீட்டில் டீ கொடுத்துவிட்டு, சும்மா கேட்கிற மாதிரி கேட்டாள். "ஏங்க, ஒரு பெட்டில ரெண்டு அடுக்கு இருந்தா மேலயும் கீழயும் ஒரே சூடு இருக்குமா?"

"காத்து சுத்தினா இருக்கும். ஃபேன் எங்க இருக்கு?"

"மேல."

"சத்தம் எப்படி?"

"முன்னாடி பஸ் கிளம்புற மாதிரி இருக்கும். தம்பி தலைவலின்னு சொல்லி, கம்பெனி ஆள வரச் சொல்லி மாத்தினாரு. இப்ப சத்தமே இல்ல."

"எப்ப மாத்தினது?"

"மூணு வருஷம் இருக்கும்" என்று சொன்னவள், சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அவர் டீயைக் குடித்தார். இருபத்திரண்டு வருடமாகச் சாப்பாட்டு மேசையில் கூடத்துக் கதையைக் கேட்டவர் அவர். எந்த மருந்து எப்போது வந்தது, எந்தத் தட்டு எங்கே போகும், எல்லாம் அவருக்கும் தண்ணீர் பட்ட பாடு. எழுந்து போய்க் கருவிப் பையை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். அதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

பையில் இரண்டு தெர்மாமீட்டர் இருந்தன. ஒன்று நான்கு ஒயர் வைத்தது, நல்ல கருவி. இன்னொன்று எப்போதோ ஏணியிலிருந்து விழுந்தது. எங்கே வைத்தாலும் முப்பத்தேழு என்று ஒரே பாட்டுப் பாடும். எதையும் தூக்கிப் போடாத மனிதர் என்பதால் அதுவும் இருந்தது. அவர் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு அடிபட்டதைப் பைக்குள் போட்டுவிட்டு, "ஒரு டம்ளர்ல ஐஸ் போட்டுக் கொண்டா" என்றார்.

நான்கு ஒயரையும் ஐஸ் தண்ணீருக்குள் விட்டு, கலக்கிக் கலக்கி, நான்கும் பூஜ்யம் காட்டுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். "ஐஸ் தண்ணில பூஜ்யம் காட்டினா நம்பலாம். கதவு மூடினப்புறம் ஒரு மணி நேரம் விடு. அவசரப்பட்டுப் பாக்காதே."

மறுநாள் அவள் ஒரு மணி நேரம் விட்டுத்தான் பார்த்தாள். பெட்டியின் முகப்பில் பச்சை எழுத்தில் முப்பத்தேழு என்று இருந்தது. மேல் அடுக்கில் முப்பத்தேழு. கீழ் அடுக்கில் முப்பத்து மூன்று.

அதற்கடுத்த நாள் யாரிடமும் சொல்லாமல் நான்கு தட்டு போட்டாள். மேலே ஒன்று மருந்தோடு, ஒன்று மருந்தில்லாமல். கீழேயும் அப்படியே. எண்ணுவதற்கு அவசரத்தைக் கூப்பிட்டாள். எது எது என்று சொல்லவில்லை. அவசரம் எண்ணிய கணக்கு இது: மேலே மருந்து, ஆறு. மேலே வெறும் தட்டு, ஏழு. கீழே மருந்து, பதினேழு. கீழே வெறும் தட்டு, பதினெட்டு.

எட்டாம் நம்பர் ஒன்றும் செய்யவில்லை. குளிர் செய்தது. நாலு டிகிரி குளிர்ந்தால் செல்லுக்குப் பசி குறையும், மூச்சில்லாமல் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். இது பாடப் புத்தகத்தில் இருக்கிற சங்கதி. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. காக்கையை மூன்று வருடமாகக் கீழ் அடுக்கில் உட்கார வைத்தவள் அவள்.

அவள் உடனே ஓடிப் போய்ச் சொன்னாள் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. இரண்டு நாள் அந்தக் காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கும் கூடத்துக்கும் நடந்தாள். அவள் யோசித்ததெல்லாம் ஒரே விஷயம்: மருந்து பொய்யாக இருக்கலாம், ஆனால் ஆபரேஷன் நிஜம். பட்டியல் இருக்கிற வரைக்கும் சர்ஜன் கத்தியை எடுப்பார். எடுத்தால் அடைப்பு போகும். இதயம் திரும்ப ஓடினாலும் ஓடும், யார் கண்டது? பட்டியல் போனால் கத்தியும் போயிற்று, மாத்திரைதான், மாத்திரையோடு ஆறு மாதமோ ஒரு வருடமோ. வாயை மூடிக்கொண்டிருப்பதைத் தவிர அவள் வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. யாரும் பெட்டிக்குள் ஒயர் விட்டுப் பார்க்கப் போவதில்லை.

அவளை உறுத்தியது சர்ஜன்தான். அந்த மனிதர் தன்னால் முடியாது என்று நேர்மையாகக் கையை விரித்தவர். இப்போது அவள் எழுதிய கணக்கை நம்பித்தான் ஏழு பேரை மேசையில் ஏற்றப் போகிறார். ஏழு பேரில் சிலர் எழுந்திருக்கவே மாட்டார்கள் என்பது அவர் முதலில் சொன்னதிலேயே இருக்கிறது. அதில் அவளுடைய ஆளும் ஒருவர். இரண்டாம் நாள் சாயங்காலம் இதற்கு மேல் அவளுக்கு யோசிக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

டைரக்டர் காகிதத்தைப் பார்த்தார். முதலில் கோபம் வந்தது. "மூணு வருஷம் கழிச்சா அண்ணி கண்டுபிடிக்கிறது?" என்றார். அது அவருக்கே அநியாயமாகப் பட்டிருக்க வேண்டும். ஃபேனை மாற்றச் சொன்னது அவர்தானே. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "யார் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

"எனக்கு. அவசரத்துக்கு எண்ணிக்கை மட்டும் தெரியும்."

"கூட்டம் முடியட்டுமே அண்ணி. ஒருவேளை மனுஷ உடம்புல கேக்கலாம். எலில பாதி கேட்டுச்சுல்ல?"

"பாதி கேட்டா அது காசு சுண்டிப் பாக்கிற மாதிரின்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது நீங்கதான் தம்பி."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "அண்ணன் நாலாவது இடத்துல இருக்கான். நான் என்ன பண்ண முடியும்னு நெனச்சு நெனச்சு, இது ஒண்ணுதான் எனக்கு இருந்துச்சு."

"நாலாவது மட்டும்தான் நம்ம ஆளு. மத்த ஆறு பேர் வீட்லயும் ஆளுங்க இருக்காங்க. அவங்களுக்குப் பெட்டி கோணல்னு தெரியாது. நமக்குத் தெரியும்."

அவர் கோட்டை மாட்டிக்கொண்டு கூடத்துக்குள் போனார். ஆறு வருடமாகத் தட்டைத் தொடாத கை. இரண்டு குழியைக் கொட்டிக் கவிழ்த்து, மறுபடி ஆரம்பித்தார். அண்ணி பக்கத்தில் நின்றாள், உதவவில்லை. மறுநாள் அவரே எண்ணினார். ஏழு, ஆறு, பதினெட்டு, பதினேழு. எண்ணி முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். அது சிரிப்பில் சேர்த்தி இல்லை.

"இதயத்து மேல ஐஸ் வெச்சா நல்லதுன்னு எங்க தாத்தா காலத்து சர்ஜனுக்கே தெரியும். நான் பதினோரு வருஷம் உக்காந்து ஐஸக் கண்டுபிடிச்சிருக்கேன்."

அன்றைக்கே கடிதம் எழுதினார். அனுமதிக் குழுவுக்கு ஒன்று, மருத்துவமனைக்கு ஒன்று, அந்த இன்னொரு ஆய்வுக்கூடத்துக்கு ஒன்று. கூடத்தில் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். கடைசியில் அவசரத்தைப் பார்த்து, "கூடம் கோணல்தாம்மா. நான்தான் சிரிச்சேன்" என்றார். அவசரம் அழுதுவிட்டாள். அவளுக்கு ஜெயித்த சந்தோஷம் துளிகூட இல்லை என்பதை அண்ணி கவனித்தாள்.

புதன்கிழமை மருத்துவமனையிலிருந்து பதில் வந்தது. சோதனை நிறுத்தம், பட்டியல் ரத்து. சர்ஜன் டைரக்டருக்குத் தனியாகப் போன் செய்து, மருந்து இல்லாமல் அந்த ஏழு பேரில் ஒருவருக்கும் தன்னால் ஆபரேஷன் செய்ய முடியாது என்றார். நன்றி என்றும் சொன்னார்.

"அண்ணன்கிட்ட யாரு சொல்றது?" என்று டைரக்டர் கேட்டார்.

"நான்தான். வேற யாரு?"

வழி நெடுக அவள் வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டு போனாள். வீட்டில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பழைய ஃபேன் மோட்டார் ஒன்றை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் தயார் செய்தது எதுவும் வாயில் வரவில்லை. "பட்டியல் ரத்தாயிடுச்சுங்க. மருந்து வேலை செய்யல" என்று மொட்டையாகச் சொன்னாள்.

அவர் மோட்டாரின் கம்பியை விரலால் சுற்றிப் பார்த்தார். நன்றாகச் சுற்றியது.

"கீழ எவ்வளவு காட்டுச்சு?"

"முப்பத்து மூணு."

"நான் முப்பத்து நாலு இருக்கும்னு நெனச்சேன்" என்றார். மோட்டாரைத் தட்டிக் காட்டி, "நாளைக்கு நானும் வர்றேன். இத மாட்டிடலாம். அந்த கம்பெனிக்காரன் வந்தா மறுபடியும் சத்தமில்லாததத்தான் மாட்டுவான்" என்றார். பிறகு மகளுக்குப் போன் போட்டு, பட்டியல் இல்லை என்பதைத் தானே சொன்னார். வேலைக்கு ஆர்டர் வந்த குரல் அதில் இல்லை. ஆனால் நடுங்கவும் இல்லை.

மறுநாள் கூடத்தின் இரண்டு மாடியையும் அவர் ஏறுவதற்கு அரை மணி நேரம் ஆனது. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்புகளை ரொம்ப ஆர்வமாகப் படிப்பவர் போலப் படித்தார். டைரக்டர் பாதி வழியில் வந்து கையைப் பிடித்தார். அண்ணன் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஏறினார்கள்.

மோட்டாரை மாட்டுவதற்கு முன் அவர் ஒன்று கேட்டார். "இத்தனை வருஷமா துடிக்குது துடிக்குதுங்கிறியே, நான் ஒரு தடவைகூடப் பாத்ததில்ல."

அவள் ஒரு தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் கொடுத்தாள். அவர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இது மருந்து போட்டதா?"

"இல்ல. கீழ் அடுக்குல இருந்த வெறும் தட்டு. குளிர்லயே பொழைச்சது."

"அப்ப என் தொழில்தான் ஜெயிச்சிருக்கு" என்றார். "இத மொதல்லயே என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?" டைரக்டர் சிரிக்க முயன்று, முடியாமல் தன் அறைக்குப் போய்விட்டார்.

ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல, கழற்றுவதும் பிடிப்பதும் அவள். கடைசி ஸ்க்ரூவை மட்டும் தானே முடுக்குவேன் என்று வாங்கிக்கொண்டார். அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். யாரும் அருகில் இல்லை.

"நான் அன்னிக்குக் கேட்டப்பவே உங்களுக்குப் புரிஞ்சிருச்சு. இல்லயா?"

"சத்தமில்லாத ஃபேன்னு சொன்னியே, அப்பவே. அது காத்தக் கீழ வரைக்கும் தள்ளாது."

"அடிபட்ட தெர்மாமீட்டரையும் கையில எடுத்தீங்க. நான் பாத்தேன்."

"எடுத்தேன்."

"அதக் குடுத்திருந்தா ரெண்டு அடுக்கும் ஒரே சூடுன்னு வந்து நின்னிருப்பேன். நாளைக்குக் கூட்டம். அனுமதி கெடைச்சு, ஆபரேஷனும் உறுதியாயிருக்கும்."

"ஆமா" என்றார். ஸ்க்ரூவைப் பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். "தப்பாக் காட்டுற தெர்மாமீட்டர நாப்பது வருஷத்துல ஒரு கஸ்டமருக்குக் குடுத்ததில்ல. கட்டின பொண்டாட்டிக்கா குடுப்பேன்?"

அவளுக்கு அழுகை வந்தது. மூன்று வருடம், இரண்டு நாள், நான்கு தட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து வந்தது. தலையைத் திருப்பிக்கொள்ளாமல், அவர் முகத்தைப் பார்த்தபடியே அழுதாள். அவர் ஸ்க்ரூவை முடுக்கி முடித்தார்.

"சரி, சுவிட்சப் போடு."

அவள் போட்டாள். பஸ் கிளம்புகிற மாதிரி சத்தம் எழுந்து கூடம் முழுக்க அதிர்ந்தது. டைரக்டர் அறைக் கதவு திறந்தே இருந்தது. அவர் அதை மூடவில்லை. இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டுப் பார்த்தார்கள். மேலே முப்பத்தேழு, கீழே முப்பத்தேழு. அண்ணி நோட்டை எடுத்துத் தேதி போட்டு இரண்டையும் எழுதிக்கொண்டாள்.